நிற்கும்போது எடுத்த கணக்கு

தாராவி தொண்ணூறடி ரோட்டில் கலீலுல்லாவின் எலெக்ட்ரிக் கடைக்கு மேலே ஒரு சின்ன மாடி உண்டு. செங்குத்தான இரும்புப் படியில் ஏறினால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வயர் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுத்த காலண்டர்கள். அந்த மேசையில் செண்பகவல்லி பதினொரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் எலெக்ட்ரீஷியன் படித்தவள். வகுப்பில் மொத்தம் இரண்டே பெண்கள். படித்து முடித்துக் கடை கடையாக ஏறி இறங்கியபோது அவளை ஏணியில் ஏற்ற யாரும் தயாராக இல்லை. பில் அடிக்க வேண்டுமானால் வா என்றார் கலீலுல்லா. வந்துவிட்டாள்.

கலீலுல்லா முப்பது வருஷமாகக் கட்டடங்களுக்கு வயரிங் எடுத்துச் செய்பவர். எஸ்டிமேட் போட அவருக்குக் காகிதம்கூட வேண்டாம். வீட்டுக்குள் ஒரு சுற்று வருவார். விளக்குக்கு எத்தனை, விசிறிக்கு எத்தனை, பிளக்குக்கு எத்தனை என்று பாயிண்ட் எண்ணுவார். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று பெருக்குவார். கடைசியில் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து கொஞ்சம் ஏற்றுவார், அல்லது இறக்குவார். பெரும்பாலும் தப்பாது. தப்பினால் அடுத்த வேலையில் சரிக்கட்டிக்கொள்வார்.

செண்பகவல்லிக்கு இதில் சமாதானம் இல்லை. ஒரே விளக்கு பாயிண்ட், தாராவித் தையல் பட்டறையின் நாலங்குலச் சுவரில் ஒரு மணி நேரத்தில் முடியும். பழைய கட்டடத்தின் தடித்த சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டிப் பைப் பதிக்க அரை நாள் போகும். இரண்டுக்கும் எப்படி ஒரே விலை? அவள் ஒரு நீளமான நோட்டு வாங்கினாள். வாரத்தில் இரண்டு நாள் மத்தியானம் வேலை நடக்கும் இடத்துக்குப் போவாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பாள். சுவரில் காடி வெட்ட இவ்வளவு நேரம், பெட்டி பதிக்க இவ்வளவு, வயர் இழுக்க இவ்வளவு என்று எழுதுவாள். ஒரு ஆள் ஒரு மணி நேரம் செய்கிற வேலைக்கு ஆள்மணி என்று பெயர். எல்லாவற்றையும் ஆள்மணியில் எழுதினாள். ஆறு வருஷத்தில் நாலு நோட்டு நிறைந்தது.

வேலையாட்கள் எட்டுப் பேர். அவர்களுக்கு மேஸ்திரி பூதத்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். மற்றவர்கள் அவளை அக்கா என்பார்கள், அவளைவிட மூத்தவர்களும்கூட. கடிகாரத்தோடு அவள் வந்து நிற்பதை யாரும் ஆட்சேபித்ததில்லை. முதலாளிக்கு வேண்டிய ஏதோ எழுத்து வேலை என்று விட்டுவிட்டார்கள்.

கலீலுல்லா அந்த நோட்டுகளைப் பார்த்துச் சிரிப்பார். "எங்க வாப்பா மாவு கடையில தராசு வச்சிருந்தாரு. நீ டைமுக்குத் தராசு வச்சிருக்க" என்பார். ஆனால் நோட்டைக் கொண்டு ஒரு எஸ்டிமேட்டும் போட விட்டதில்லை.

மாட்டுங்காக் கட்டடம் வந்தபோதுதான் அது மாறியது.

எழுபது எண்பது வருஷப் பழைய கட்டடம். நாலு மாடி, இருபத்துநாலு வீடு. இடித்துக் கட்டும் யோசனை கோர்ட்டு வழக்கில் சிக்கி நின்றுவிட்டது. அதற்குள் வயர்கள் இற்றுப்போய்விட்டன என்று சோதனை செய்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முழுக் கட்டடத்துக்கும் புதிதாக வயரிங். குடியிருப்பவர்களின் சங்கமான சொசைட்டிக்குச் செக்ரட்டரி ஷ்யாமளா, பேங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கமிட்டியில் மீதிப் பேரும் அப்படித்தான். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிப்பவர்கள். பாயிண்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள், எந்த வேலைக்கு எத்தனை நேரம், எத்தனை ஆள், கூலி எவ்வளவு, பொருள் எவ்வளவு என்று பிரித்துக் கொடுங்கள் என்றார்கள். நாலு கான்ட்ராக்டர்களைக் கேட்டார்கள். அப்படிப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தது கலீலுல்லாவின் மாடியில் இருந்தவளுக்கு மட்டும்தான்.

செண்பகவல்லி மூன்று நாள் அந்தக் கட்டடத்தை அளந்தாள். ஒரு வீட்டுக்கு முப்பது பாயிண்ட். சுவரின் தடிமனுக்கு ஏற்ற நேரம் போட்டாள். வீட்டுக்காரர்கள் உள்ளேயே இருப்பார்கள், பீரோவையும் கட்டிலையும் நகர்த்தி நகர்த்தி வேலை செய்ய வேண்டும். அதற்கும் நேரம் போட்டாள். சொசைட்டி விதிப்படி காலை பத்திலிருந்து ஒன்றரை, பிற்பகல் மூன்றரையிலிருந்து ஆறு. இடையில் பெரியவர்கள் தூங்குவார்கள், சத்தம் கூடாது. ஆக நாளுக்கு ஆறு மணி நேரம். டீக்கு ஐந்து நிமிஷம். அதுவும் நோட்டில் இருந்த கணக்குதான்.

வீட்டுக்குத் தொண்ணூற்றாறு ஆள்மணி வந்தது. எட்டுப் பேர் ஆறு மணி நேரம் செய்தால் நாளுக்கு நாற்பத்தெட்டு. அதாவது இரண்டு நாளுக்கு ஒரு வீடு. இருபத்துநாலு வீட்டுக்கு நாற்பத்தெட்டு நாள், மாடிப்படிக்கும் மீட்டர் அறைக்கும் நாலு, எதற்கும் கைகாவலாக மூன்று. ஐம்பத்தைந்து வேலை நாள் என்று எழுதினாள். நவராத்திரிக்கு முன்னால் முடிந்துவிடும். ஷ்யாமளாவுக்கு அது முக்கியம். கட்டடத்தில் ஒன்பது வீட்டில் கொலு வைப்பார்கள். படி கட்டுகிற இடத்தில் இடிந்த காரையும் பைப்பும் கிடக்க முடியாது.

வேலை கிடைத்துவிட்டது. கலீலுல்லா அவளைக் கீழே கூப்பிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, ஒரே தடவை சொன்னார். இது சரியாக வந்தால் இனி எஸ்டிமேட் எல்லாம் அவளுடையது. சரியாக வராவிட்டால் அவர் பழையபடி பாயிண்ட் எண்ணுவார், அவள் பில் அடிப்பாள். அவள் தலையாட்டினாள்.

எட்டு நாளில் நாலு வீடு முடிந்திருக்க வேண்டும். பதினொரு நாள் ஆனது.

செண்பகவல்லி முதலில் கணக்கைத்தான் சந்தேகப்பட்டாள். நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள், கூட்டலில் தப்பு இல்லை. பிறகு மாட்டுங்காவுக்குப் போய் நின்றாள். அவள் கண் முன்னால் காடி வெட்டினார்கள், பைப் பதித்தார்கள், வயர் இழுத்தார்கள். ஒவ்வொன்றும் நோட்டில் எழுதியிருந்த நேரத்துக்குச் சரியாக முடிந்தது. டீ வந்தது. நின்றபடியே இரண்டு மடக்கில் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். மறுநாளும் போய் இரண்டு மணி நேரம் நின்றாள். அன்றும் அப்படியே. அவள் திரும்பி வந்த பிறகு வேலை மறுபடி பின்தங்கியது.

கணக்கு சரி, ஆனால் நாள் சரியில்லை. அப்படியானால் ஆட்கள் நேரத்துக்கு வருவதில்லை, அல்லது சீக்கிரம் போய்விடுகிறார்கள். அவளுக்கு வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை. வியாழக்கிழமை கலீலுல்லா கேட்டபோது அதையே சொன்னாள்.

அவர் உடனே போனில் ஒரு நம்பரைத் தேடினார். செம்பூரில் தௌஃபீக் என்ற ஒருவரிடம் பத்துப் பேர் இருக்கிறார்கள், திங்கட்கிழமை முதல் அவர்களை இறக்கிவிடலாம் என்றார். பூதத்தானுக்கும் அவர் ஆட்களுக்கும் வேறு சின்ன வேலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். வேறு வேலை எதுவும் கையில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவள் சொல்லாமல் மாட்டுங்காவுக்குப் போனாள். மேலே போகவில்லை. கேட்டில் வாட்ச்மேனிடம் ரிஜிஸ்டரை வாங்கினாள். உள்ளே வருகிற ஒவ்வொரு வேலைக்காரரும் பெயர், நேரம், கையெழுத்துப் போட வேண்டும் என்பது சொசைட்டி விதி. அந்தப் பதினொரு நாளின் பக்கங்களையும் புரட்டினாள். எட்டுப் பேரும் பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்திருந்தார்கள். ஆறு அடித்த பிறகே போயிருந்தார்கள். ஒரு நாள்கூட ஒரு ஆள் குறையவில்லை. மாரிசெல்வம் என்ற இளையவன் ஒரு நாள் மழையில் தாமதமாகி, பத்து இருபதுக்கு வந்ததையும் வாட்ச்மேன் விடாமல் எழுதியிருந்தார்.

அவள் ரிஜிஸ்டரை மூடாமல் நின்றிருந்தபோது ஷ்யாமளா காய்கறிப் பையோடு வந்தார். என்ன பார்க்கிறாள் என்று கேட்கவில்லை. "மேல வாங்கோ, காபி சாப்பிட்டுப் போகலாம்" என்றார்.

ஷ்யாமளாவின் வீடு இரண்டாவது மாடி. எதிர் வீட்டில்தான் அப்போது வேலை நடந்துகொண்டிருந்தது. அவள் மாடி ஏறியதை யாரும் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். கட்டர் மிஷின் சுவரை அறுக்கும் சத்தத்தில் டம்ளர்கூட அதிர்ந்தது.

சத்தம் நின்றது.

பழக்கம் அவளை விடவில்லை, மணியைப் பார்த்தாள். பதினொன்று பத்து. சுத்தியல் சத்தம் வரவில்லை. ஏணி நகரும் சத்தமும் இல்லை. தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். கால்களை நீட்டி உட்காருகிற மூச்சு. மாரிசெல்வத்தின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அண்ணாச்சி, அக்கா நோட்டுல நமக்கு முதுகுவலியே கிடையாது தெரியுமா? சாவி கொடுத்த பொம்மை மாதிரி எழுதி வச்சிருக்கா."

"ஏன், நீ பொம்மை இல்லயாக்கும்? அன்னைக்கு அவ வந்து நின்னதும் மூட்டையத் தூக்கிட்டு மூணு மாடி ஓடுன."

"நீங்க மட்டும் என்னவாம்? பீடிய வாய்க்குள்ளயே வச்சி மூடிட்டீங்க."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். பிறகு பேச்சு வேறு எங்கோ போனது. சயானில் யாரோ அறைக்கு அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்த கதை.

கட்டர் மறுபடி ஓடத் தொடங்கியபோது பதினொன்று இருபத்தேழு. பதினேழு நிமிஷம். செண்பகவல்லியின் காபியில் ஆடை படிந்திருந்தது.

"தினம் இப்படித்தான்" என்றார் ஷ்யாமளா. குறை சொல்கிற குரலில் இல்லை. "காலம்பற மூணு தரம், சாயங்காலம் ரெண்டு தரம். சுவத்தை அறுக்கறது லேசா? கை மரத்துப் போயிடும். ஆனா நீங்க வந்துட்டேள்னா மட்டும் ஒருத்தரும் உக்காரமாட்டேங்கறா. எனக்கே பாவமா இருக்கும்."

அவள் ஆடையை விலக்கிவிட்டுக் காபியைக் குடித்தாள். மத்தியான இடைவேளை முழுக்க அங்கேயே இருந்தாள். மூன்றரைக்கு மேல் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் சத்தங்களை எழுதினாள். எப்போது நின்றது, எப்போது தொடங்கியது. காலையில் தான் வருமுன் நின்ற நேரத்தை ஷ்யாமளாவிடம் கேட்டுச் சேர்த்துக்கொண்டாள். கூட்டிப் பார்த்தபோது ஆறு மணி நேரத்தில் ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைச் சேர்த்தால் வீட்டுக்குத் தொண்ணூற்றாறு இல்லை, நூற்று முப்பது சொச்சம். பதினொரு நாளுக்கு நாலு வீடு என்பது அப்படியே வந்து உட்கார்ந்தது.

ஆறு மணிக்குக் கேட்டில் பூதத்தான் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவர் சட்டென்று பையைத் தோளில் சரி செய்துகொண்டு நிமிர்ந்தார். ஆறு வருஷமாக அவர் இப்படித்தான் நிமிர்கிறார் என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"அண்ணாச்சி, நான் வர்ற நேரத்துல நீங்க யாரும் உக்கார மாட்டீங்களா?"

அவர் கேள்வி புரியாதவர் போலப் பார்த்தார்.

"நீ நிக்க, நாங்க எப்படி உக்காருவோம்? நல்லாவா இருக்கும்?"

"ஆறு வருஷமாவா?"

"ஒரு பொம்பளப்பிள்ள, அதுவும் படிச்ச பிள்ள, கால் கடுக்க நின்னு எழுதிட்டு இருக்கு. அதுக்கு முன்னால காலை நீட்டிட்டு பீடி குடிச்சா நாங்க என்ன மனுசங்க? நீ போன பொறவு சேத்து உக்காந்துக்கிடுவோம். அதுல என்ன இருக்கு?"

ஏன் இதுவரை சொல்லவில்லை என்று கேட்டாள். இதையெல்லாம் போய்ச் சொல்வார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். முதலாளியிடம் தங்களைப் பற்றி நல்லபடியாக எழுதிக் கொடுக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்களாம்.

திங்கட்கிழமை தௌஃபீக்கின் ஆட்கள் வரப்போகிறார்கள் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. அவள் சொல்லவில்லை.

தாராவியில் சின்னச் சின்ன வேலை செய்தவரை இது வெளியே தெரிய வழியே இல்லை. அங்கே வேலை முடிகிறவரை இருந்து முடித்துவிட்டு வருவார்கள். ஏழரை ஆனாலும் எட்டானாலும் யாரும் கேட்பதில்லை. எஸ்டிமேட்டும் பாயிண்ட் கணக்கில்தான் போகும். மாட்டுங்காவில் கதவை ஆறு மணிக்குச் சாத்தியபோதுதான் அந்த நேரம் அகப்பட்டது.

அன்று இரவு அவள் கணவன் ஹரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தாதரில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவன். சட்னியைத் தொட்டுக்கொண்டே கேட்டான். பிறகு, "திங்கக்கிழமை வரைக்கும் வாயத் தொறக்காத" என்றான். "புது ஆளுங்க வந்தா எப்படியோ வேலை முடிஞ்சிரும். ஆளுங்க மேல தப்புன்னு போயிரும். உன் நோட்டு நிக்கும்."

அவன் சொன்னதில் ஓட்டை இல்லை. புது ஆட்களும் உட்காருவார்கள் என்றாலும், பத்துப் பேர் என்பதால் நாள் கணக்கு ஏறக்குறைய சரிக்கட்டிப்போகும். கூலி கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலுக்குப் பூதத்தானைக் காரணம் காட்டலாம். காட்ட வேண்டியதுகூட இல்லை. கலீலுல்லாவே காட்டிக்கொள்வார்.

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் அவள் மாடிக்குப் போகாமல் கல்லாவுக்கு வந்தாள். நாலு நோட்டையும் மேலே வைத்தாள். ஆட்கள் மேல் தப்பில்லை, தன் நேரக் கணக்கு தப்பு என்றாள். ஏன் என்பதையும் சொன்னாள். இருபத்துநாலு வீடும் மாடிப்படியும் முடிய எழுபது நாள் ஆகும், பதினைந்து நாள் அதிகம், எட்டுப் பேருக்கு அந்தப் பதினைந்து நாள் கூலி ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குக் குறையாது. அது கமிட்டியிடம் கேட்க முடியாத பணம், கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

கலீலுல்லா கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"ஆளு மேல தப்புன்னா ஆள மாத்தலாம். நோட்டு மேல தப்புன்னா என்னம்மா பண்றது?"

"நோட்ட மாத்தலாம் பாய்."

"லட்சத்துக்கு மேல கொடுத்தா?"

அவள் நோட்டுகளை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் போனை எடுத்து தௌஃபீக்கிடம் ஹிந்தியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு, மாடியில் பில் நிறையச் சேர்ந்திருக்கிறது, போய் அடி என்றார்.

அவள் இன்னொன்றும் செய்ய வேண்டியிருந்தது. ஷ்யாமளாவிடம் போய் எழுபது நாள் என்று சொன்னாள். கமிட்டி கூடியது. இரண்டு பேர் கோபப்பட்டார்கள். கொலு வைக்கிற ஒன்பது வீட்டையும் முதலில் முடித்துத் தருவதாகவும், மற்ற வீடுகளை நவராத்திரிக்கு முன்னும் பின்னுமாக முடிப்பதாகவும் அவள் ஒரு புது அட்டவணை வைத்தாள். ஒவ்வொரு வேலைக்கும் கீழே ஒரு வரி கூடியிருந்தது. உட்காருதல் என்று எழுதி, நேரமும் போட்டிருந்தாள். பேங்கில் முப்பது வருஷம் இருந்தவர்கள் அந்த வரியை நெடுநேரம் பார்த்தார்கள். யாரும் அதை நீக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டரை மாதம் செண்பகவல்லி பில் மட்டும் அடித்தாள். நடுவில் வந்த இரண்டு எஸ்டிமேட்டை கலீலுல்லா பாயிண்ட் எண்ணிப் போட்டார். மேலே இருந்தவளிடம் டைப் அடிக்க மட்டும் கொடுத்தார். அவளும் அடித்துக் கொடுத்தாள்.

மாட்டுங்கா வேலை எழுபத்தோராவது நாள் முடிந்தது. மீட்டர் அறையில் சோதனை பார்த்துக் கையெழுத்தான அன்று பூதத்தான் கடைக்கு வந்து சொன்னார். கலீலுல்லா காலண்டரில் விரல் வைத்து நாட்களை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

அடுத்த வாரம் செம்பூரில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தின் வரைபடம் அவள் மேசையில் கிடந்தது. மேலே ஒரு துண்டுச்சீட்டு. பாயிண்ட் கணக்கு அவர் போட்டு வைப்பார், நேரக் கணக்கு அவள் போடட்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. கீழே தனியாக ஒரு வரி. வேலை கொடுப்பவருக்குப் போகும் காகிதத்தில் உட்காருதலுக்குத் தனி வரி வேண்டாம், மற்ற வேலைகளுக்குள் பிரித்துப் போடவும், பள்ளிக்கூடக்காரர்கள் மாட்டுங்காக்காரர்கள் இல்லை.

அவள் அப்படியே பிரித்துப் போட்டாள்.

வேலை கிடைத்து, தொடங்கிய முதல் நாள், தாதரில் வாங்கிய மடக்கு ஸ்டூல் ஒன்றை எடுத்துக்கொண்டு செம்பூருக்குப் போனாள். ஒரு வகுப்பறையின் மூலையில் அதை விரித்து உட்கார்ந்தாள். பூதத்தான் ஒரு தடவை பார்த்துவிட்டு வயரை இழுத்தார். மாரிசெல்வம் கட்டரை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான், பிறகு மேஸ்திரியைப் பார்த்தான், மறுபடி கட்டரை ஓட்டினான். அன்று யாரும் உட்காரவில்லை. மறுநாளும் இல்லை. டீயை நின்றபடியே குடித்தார்கள், ஆனால் கொஞ்சம் மெதுவாக.

மூன்றாம் நாள் கட்டர் நின்றது. மாரிசெல்வம் கையை உதறினான். சுற்றிப் பார்த்துவிட்டு, டூல்ஸ் பெட்டியைக் காலால் இழுத்து, அதன் விளிம்பில் பாதி உட்கார்ந்தான்.

செண்பகவல்லி தலையைத் தூக்காமல் எழுதினாள். பதினொன்று இருபது.